சந்தனக்கனியின் சொந்தப் பக்கங்கள்

தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சந்தனக்கனி சொன்னபோது எங்களுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. அவள் பங்கை நாங்கள் தூக்கிக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தோம். உப்பளத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் குளமாகிக் கிடக்கும். உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களில்தான் ஊருக்கு வெளியே இருக்கும் புயல் காப்பகத்தின் மாடியில் பிற்பகல் வகுப்பு நடந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிவிட்டவர்களுக்கான அடுத்த வகுப்பு. தூத்துக்குடியிலிருந்து ஜெனோவா டீச்சர் பஸ்ஸில் வருவார். அவருடைய மடியில் ஒரு பெட்டியும் வரும்.

ரொட்டி டின் அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. தாளில் எழுதியதை அதன் முன்னால் பிடித்தால் வாசித்துக்கொள்ளும். பேசவும் செய்யும். முதல் நாள் எங்களில் மூத்த இசக்கி அக்கா அதற்குத் திருநீறு வைக்கப் போனாள். "அதோட கண்ணை மறைச்சிராதீங்க" என்று டீச்சர் தடுத்துவிட்டார்.

டீச்சர் எங்களுக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டினார். அதில் வடிவு என்று ஒருத்தி. அவள் புருஷன் தோணியில் வேலைக்குப் போகிறவன். கொழும்புக்குப் போன தோணி திரும்பிவந்தது, அவன் வரவில்லை. செத்தானா, அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டானா, ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காக ஆகிப்போன பிறகு ஒருநாள் கதவைத் தட்டுகிறான். வடிவு கதவைத் திறக்கிறாள். அதோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

"கதவைத் தொறந்து என்ன டீச்சர் சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"புஸ்தகத்துல இல்ல, உலகம்மா அக்கா. அவ கடைசி வரைக்கும் வாயே தெறக்கல. அதத்தான் நீங்க எழுதப் போறீங்க. வடிவா மாறி."

"வெளக்குமாத்த எடுத்திருப்பா" என்றாள் இசக்கி அக்கா.

"அப்ப அத எழுதுங்க."

"அது நான் எடுப்பேன். அவ எடுப்பாளான்னு தெரியலயே."

டீச்சர் சிரித்துவிட்டார். "அதுதான் பாடமே. நீங்க வேற, அவ வேற. அவ என்ன செய்வான்னு உள்ள போய்ப் பாக்கணும்."

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தினமும் வகுப்புக்கு வந்ததும் முதலில் ஒரு பக்கம் நம்மைப் பற்றி எழுத வேண்டும். என்ன சமைத்தோம், யாரோடு சண்டை போட்டோம், எதை நினைத்து அழுதோம், எதுவானாலும் சரி. அதற்குப் பெயர் சொந்தப் பக்கம். பெட்டி அதை வாசித்து நம் ஒவ்வொருவரையும் ஆள் தெரிந்து வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் வடிவுப் பக்கம். வடிவு பேச வேண்டிய இடத்தில் நாம் நுழைந்துவிட்டால் பெட்டி அடையாளம் கண்டு அந்த வரியைத் தள்ளிவிடும். மிச்சம் இருப்பதை மட்டும் சேர்த்து வைக்கும். வகுப்பு முடிகிற நாளில் சேர்ந்த அத்தனையையும் வைத்து வடிவு வாய் திறந்து பேசுவாள் என்றார் டீச்சர்.

"உப்பு விளைஞ்ச பொறகு பாத்தியில மிச்சமிருக்கிற கசப்புத் தண்ணிய வடிச்சு விடுறீங்கள்ல, அது மாதிரி."

"அப்ப நாங்க கசப்புத் தண்ணியாக்கும்" என்றாள் இசக்கி அக்கா.

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நான் மெனக்கெட்டு எழுதிக் காட்டினால் பெட்டி சாந்தமாகச் சொல்லும்: "இந்த வரி வடிவு இல்லை. உலகம்மாள்." புருஷன் வந்ததும் வடிவு அவன் காலைப் பார்த்தாள், கால் வெடித்திருந்தது என்று எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கால் வெடிப்பு. அது பெட்டிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. வேறொருத்தி வாயால் பேச உட்கார்ந்தும் நம் வீட்டு நடுவிலேயே நின்றுகொண்டிருக்கிறோமே என்று.

சந்தனக்கனி மட்டும் சொந்தப் பக்கம் எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

"வடிவப் பத்தி எவ்வளவுன்னாலும் எழுதுதேன் டீச்சர். என்னப் பத்தி எழுத என்ன கெடக்கு."

"எழுதலைன்னா பெட்டி உங்க வடிவுப் பக்கத்த வாங்காதுக்கா."

"வாங்காட்டி போவுது."

அப்படிச் சொன்னாளே தவிர அவளுக்கு வடிவு மேல் உயிர். பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழிகிற மாதிரி எழுதுவாள். வடிவுக்கு மட்டும் எங்கிருந்துதான் அவளுக்கு வார்த்தை வருமோ. நேரில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அதுவும் அவள் மகள் வேணி போன பிறகு ரொம்பவும் குறைந்துபோயிற்று.

வேணி அவள் ஒரே பிள்ளை. ஒருநாள் விடியற்காலையில் சந்தனக்கனி அளத்துக்கு வந்திருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை ஒரு பையனோடு கிளம்பி ஓசூருக்குப் போய்விட்டது. மதியம் வீட்டுக்குப் போனபோது சோறு வடித்து மூடி வைத்திருந்தது, ஆளைக் காணோம். அதற்கப்புறம் வேணி போன் போடுவாள். இவள் எடுக்க மாட்டாள். அடிக்கும்போது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நின்றதும் கீழே வைத்துவிடுவாள். நாங்கள் கேட்டால், "கூடையத் தூக்குங்க, வெயிலு ஏறுது" என்பாள். மகள் பேரை அவள் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

அளத்தில் இப்போது கங்காணி கிடையாது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைதான் நாம் எத்தனை கூடை சுமந்தோம் என்று எண்ணுகிறது. எங்கள் கூட்டில் யாருக்காவது முடியாமல் போனால் அவள் பட்டையை வாங்கி இன்னொரு கையில் கட்டிக்கொள்வோம். அவளுக்கும் சேர்த்து நடப்போம். கழுத்து நரம்பெல்லாம் தெறிக்கும். ஆனாலும் அப்படித்தான். யார் யாருக்காக நடந்தோம் என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

அதனால் எங்களோடு அளத்திலும் வகுப்பிலும் இருந்த பூரணம்தான் முதலில் சொன்னாள். "இவளுக்குப் பதிலா நாம எழுதிப் போட்டா என்ன?"

பெட்டி கையெழுத்தைப் பார்க்காது. புதிதாக எழுதப் பழகுகிறவர்களின் எழுத்து ஒருநாளைப் போல் ஒருநாள் இருக்காது என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். டீச்சர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டீ வாங்கக் கீழே போகிற நேரத்தில் சந்தனக்கனி பேரைப் போட்டு ஒரு பக்கத்தைக் காட்டிவிடுவோம். ஒருநாள் நான், ஒருநாள் இசக்கி அக்கா, ஒருநாள் பூரணம். சந்தனக்கனி மனசு மாறிவிட்டாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"என்னத்தையாவது எழுதித் தொலைங்க" என்று சந்தனக்கனி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை அவள் வாசித்துப் பார்க்கவும் இல்லை.

வடிவை எழுதுவதைவிட சந்தனக்கனியை எழுதுவது எங்களுக்கு லேசாக இருந்தது. அவள் அடுப்பு எங்களுக்குத் தெரியும், அவள் இருமல் தெரியும். வேணியைப் பற்றியும் எழுதினோம். அவள் மனசில் இதுதான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதை எழுதினோம். இசக்கி அக்காவின் மூத்த மகள் பிரசவத்தில் போய்விட்டவள். அவள் சந்தனக்கனிக்காக எழுதிய பக்கத்தில், "பிள்ளை உயிரோடு இருக்கிறதே, எனக்கு வேறு என்ன வேண்டும். எனக்கு அவள் மேல் கோபமே இல்லை" என்று இருந்தது. நான் ஒருநாள், "மகள் கூப்பிட்டால் கதவைக்கூடப் பூட்டாமல் கிளம்பிவிடுவேன்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. பெட்டி ஒரு நாளும் இது சந்தனக்கனி இல்லை என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் நடந்தது. அப்போது அது எங்களுக்குப் பெருமையாக மட்டும்தான் இருந்தது. சந்தனக்கனி தன் கையால் எழுதிய வடிவுப் பக்கங்களில் பெட்டி ஒரு வரியைக்கூடத் தள்ளவில்லை. எங்களுடையதெல்லாம் பாதி தள்ளுபடியாகும். அவளுடையது அப்படியே போகும். "தன்னை மறந்து எழுதுறது இதுதான்" என்று டீச்சர் எல்லாருக்கும் சொன்னார். சந்தனக்கனி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தாள். வலது பக்கம் கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அறிவு தெளிவாக இருக்கிறது, சொல்வதெல்லாம் விளங்கும், வாய்தான் ஒத்துழைக்காது என்றார்கள். நாங்கள் மாறி மாறி அவள் கூட இருந்தோம். வேணிக்குப் பூரணம்தான் போன் போட்டுச் சொன்னாள்.

வேணி வந்துவிட்டாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நனைந்த பையோடு வாசலில் வந்து நின்றாள். சந்தனக்கனி பார்த்தாள். பிறகு தலையை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேணி கஞ்சி ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வாள். நான் கொடுத்தால் குடிப்பாள். அந்தப் பிள்ளை அடுப்படியில் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொள்ளும்.

"சித்தி, இவ என்ன நினைக்கான்னே தெரியலயே" என்றாள் என்னிடம். "எனக்கு லீவு கெடையாது. கம்பெனிக்குப் பக்கத்துல, முடியாதவங்களப் பாத்துக்கிடுத காப்பகம் ஒண்ணு இருக்கு. அங்க சேத்தா தினமும் ஷிப்டு முடிஞ்சதும் போய்ப் பாப்பேன். ஆனா அவ சம்மதம் இல்லாம சேக்க மாட்டாங்களாம்."

"தலைய ஆட்டச் சொல்லிக் கேளேன்."

"எம்மூஞ்சியவே பாக்க மாட்டேங்கா. எங்க தலைய ஆட்ட?"

காப்பகத்துக்காரர்கள்தான் அவளிடம் பதில்குரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு போனவர்கள் முன்பு ஏதாவது பெட்டியிடம் எழுதிப் பழகியிருந்தால், அந்தப் பெட்டி அவர்களாகவே இருந்து பதில் சொல்லும். அது சொல்கிற சம்மதம் செல்லும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. வேணி டீச்சருக்குப் போன் போட்டாள்.

"எங்கம்மா உங்க வகுப்புல எழுதுனாளா டீச்சர்?"

"தவறாம எழுதுனாங்கம்மா" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டதும், எழுதியது நாங்கள் என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் ஊர் வந்து சேர்ந்த பிறகு முதல்முறையாக அந்தப் பிள்ளை முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. அதை எப்படிக் கெடுப்பது?

டீச்சர் அடுத்த நாள் பிற்பகலில் கொட்டுகிற மழையில் வந்தார். பெட்டியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். இசக்கி அக்காவும் நானும் நிலைப்படி ஓரம் நின்றோம். பூரணம் பேரனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. சந்தனக்கனி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

"கேளும்மா" என்றார் டீச்சர். "உங்கம்மாகிட்ட கேக்கிற மாதிரியே கேளு. அது சொல்ற சம்மதத்த நான் பதிஞ்சு காப்பகத்துக்கு அனுப்பணும்."

வேணி பெட்டியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். யாரைப் பார்த்துக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, எம்மேல கோவமா?"

பெட்டி சாந்தமாகச் சொன்னது. "பிள்ள உயிரோட இருக்கே, எனக்கு வேற என்ன வேணும். எனக்கு உம்மேல கோவமே இல்ல."

வேணி முந்தியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் நின்ற இசக்கி அக்கா நிலையை இறுகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அது அவள் எழுதிய வரி. அவள் தன் செத்துப்போன பிள்ளைக்குச் சொல்ல நினைத்தது.

"எங்கூட ஓசூருக்கு வாரியாம்மா?"

"நீ கூப்பிட்டா கதவக்கூடப் பூட்டாமக் கெளம்பிருவேன்" என்றது பெட்டி.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்த வறண்ட சத்தம். சந்தனக்கனி தலையைத் திருப்பிவிட்டாள். மகளைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அவள் வீட்டைப் பூட்டாமல் விட்டுவிட்டு வந்தது போலப் பார்த்தாள்.

டீச்சர் பதியப் போனார். அவர் விரல் பெட்டியின் மேல் போயிற்று.

"டீச்சர், பொறுங்க" என்றேன். "அது சந்தனம் இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அது நான்" என்றாள் இசக்கி அக்கா எனக்கு முன்னால். "மொதல்ல பேசுனது நான். ரெண்டாவது இவ. அவ எழுத மாட்டேன்னா, நாங்க எழுதிப் போட்டோம். பட்டைய மாத்திக் கட்டிக்கிடுதது போலதான டீச்சர். சுமைதானன்னு நெனச்சோம்."

டீச்சர் பெட்டியிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"ஒரு பக்கம்கூட அவங்க எழுதலயா?"

"சொந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. வடிவு மட்டுந்தான் அவ கை."

வேணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அப்ப என்னைய மன்னிச்சது நீங்களா பெரியம்மா?"

இசக்கி அக்கா முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மன்னிச்சு நான் என்ன செய்ய. அவ மன்னிக்கலயே" என்றாள் வேணி.

நான் போய் வேணியின் கையைப் பிடித்தேன். அவள் விலக்கவில்லை. ஆனால் அந்தக் கை என் கையில் இல்லை, அப்படிச் செத்துக் கிடந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எதையோ யோசித்தபடி இருந்தார். "பெட்டிக்கு மொதல்ல யார் அறிமுகமாகுறாங்களோ அவங்கதான் அதுக்கு அந்த ஆளு" என்று தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். "அதுக்குத் தெரிஞ்ச சந்தனக்கனி நீங்க மூணு பேரும் சேந்த ஒருத்தி. கோவமே இல்லாதவ. அந்த வாடைய வச்சுத்தான் அவங்க வடிவுப் பக்கத்தச் சோதிச்சிருக்கு. அப்புறம் எப்படி எதையாவது தள்ளும்? அதுக்கு உண்மையான சந்தனக்கனியத் தெரியவே தெரியாது."

"புரியலயே டீச்சர்" என்றேன்.

"உங்க வடிவுப் பக்கத்துலருந்து உங்கள வடிச்சிருச்சு. இசக்கி அக்காவோடதுலருந்து அவங்கள வடிச்சிருச்சு. எல்லாரையும் வடிச்சிருச்சு. இவங்கள மட்டும் வடிக்கல. வடிவுக்குள்ள இவங்க அப்படியே இருக்காங்க. நான் ஒரு மடச்சி, தன்னை மறந்து எழுதுறாங்கன்னு வகுப்புல சொல்லிக்கிட்டிருந்தேன்." அவர் கட்டிலைப் பார்த்தார். சந்தனக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். திருடிய பொருளோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"வேணி, எந்திரி. அந்த வாசல்ல போய் நில்லு. உங்கம்மாகிட்ட பேசாத. வடிவுகிட்ட பேசு."

"வடிவு யாரு?"

"புருசன் ஓடிப்போனவ" என்றாள் இசக்கி அக்கா. "வந்து கதவத் தட்டுதான். நீ அவனா நின்னு பேசு."

வேணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போய் வாசலில் நின்றாள். சாரல் அவள் முதுகில் அடித்தது. டீச்சர் பெட்டியில் எதையோ மாற்றினார். வகுப்பு முடிகிற நாளில் பேச வேண்டிய வடிவு அன்றைக்கே முதல்முதலாக வாய் திறந்தாள்.

"நான் வந்திருக்கேன்" என்றாள் வேணி.

"வந்தது தெரியுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு."

குரல் அதே பெட்டிக் குரல்தான். வேணியின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"அங்கனயே நில்லு. எத்தன சாயங்காலம் நான் நின்னிருக்கேன் இந்த வாசல்ல. நீ செத்த நின்னா காலு ஒண்ணும் ஒடிஞ்சிராது."

வேணி நின்றாள்.

"மெலிஞ்சிட்ட. போன எடத்துல சோறு கெடைக்கலயா, நீயே திங்கலயா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா ரெண்டு கருவாடாவது கட்டிக் குடுத்திருப்பேன். களவாணி போல போயிட்ட. சோத்த வடிச்சு மூடி வச்சிட்டுப் போனா சரியாப் போச்சாக்கும். அந்தச் சோத்த நான் யாரு கூட இருந்து திங்க?"

நாவலில் வடிவின் புருஷன் சோறு வடித்து வைத்துவிட்டுப் போகவில்லை. அந்த வரி பெட்டிக்குள் எப்படி நுழைந்து தங்கியது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"அம்மா" என்றாள் வேணி.

"அழுவாத. மொதல்ல தின்னு. ஏச்ச வெறும் வயித்துல வாங்கப்படாது. எங்கிட்ட நெறைய கெடக்கு, ஏசி முடிக்க ஒரு பொழுது காணாது."

வேணி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "சின்னப்பிள்ளையில தோட்டத் தொலச்சிட்டு வந்தேன் சித்தி, கம்மல் ஒத்தத் தோட்ட. அன்னைக்கும் சோத்தப் போட்டு, நான் தின்னு கை கழுவுத வரைக்கும் பேசாம உக்காந்திருந்தா. அப்புறந்தான் ஏசுனா. தெருவே கேட்டுச்சு."

"இன்னும் ஒண்ணு கேளு" என்றார் டீச்சர்.

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எங்கூட வந்திருதியா?"

"எங்கன வர? போனது நானா?" என்றது பெட்டி. "நான் இருக்க எடத்துலதான் இருக்கேன். வந்தவகதான் இருக்கணும்."

டீச்சர் பெட்டியை நிறுத்தினார். இசக்கி அக்கா அவரிடம் குனிந்து கேட்டாள், "டீச்சர், இத அனுப்பிரலாம்லா காப்பகத்துக்கு? இதான் அவ பேச்சுன்னு?"

"முடியாதுக்கா. சட்டப்படி வடிவு ஒரு ஆளே கெடையாது. கதையில வர்றவ. அவ பேச்சு செல்லாது."

"செல்லுதது எது?"

"நீங்க எழுதுனது."

"அவ பேரச் சொல்லி நாங்க உளறுனது செல்லும். அவளே பேசுனது செல்லாது" என்றாள் இசக்கி அக்கா. "நல்லா இருக்கு உங்க சட்டம்."

டீச்சர் பெட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டினார். "நான் இன்னைக்கு இங்க வரலக்கா" என்றார். "மழை. பஸ் ஓடல. பதில்குரல் எடுக்க முடியலன்னு எழுதிருவேன்." பிறகு வேணியைப் பார்த்தார். "அதுக்கு மேல உங்க அம்மாகிட்டதான் நீ கேட்டுக்கணும்."

வேணி எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். சந்தனக்கனி இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. மகளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். அடையாள அட்டையைப் பார்த்தாள், நனைந்த தலையைப் பார்த்தாள். இடது கை மெல்ல எழுந்தது. அது மகள் தலைக்குப் போகும் என்று நான் நினைத்தேன். அது அடுப்படியைக் காட்டியது.

நான் போய்ச் சோற்றைப் போட்டு, மேலே புளிக்குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வேணி கையில் கொடுத்தேன். கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாள். சந்தனக்கனி ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஓரமாக ஒதுக்கியதை விரலால் காட்டினாள். வேணி அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ம், ஏசு" என்றாள்.

சந்தனக்கனி ஆரம்பித்தாள். வார்த்தை ஒன்றுகூட இல்லை. தொண்டையிலிருந்து ஊளை போலவும் உறுமல் போலவும் வந்தது. கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது. இடது கை மட்டும் பேசியது: வாசலைக் காட்டியது, போனைக் காட்டியது, வெறும் பானையைக் காட்டியது, தன் நெஞ்சில் தட்டியது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. டீச்சருக்கும் விளங்கவில்லை, அவர் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வேணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"ஆமா, சொல்லாமதான் போனேன்."

"பயம். நீ விட மாட்டேன்னு பயம்."

"அவன் நல்லாத்தான் வச்சிருக்கான். நீ பாத்தாத்தான தெரியும்."

"நான் போன் போட்டேம்லா. எடுக்காதது யாரு? நீதான."

அதற்குச் சந்தனக்கனியின் சத்தம் கூடியது. வேணியும் சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் மழையில் முந்தியைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். என்னவோ ஏதோ என்று கேட்டவர்களிடம் இசக்கி அக்கா, "ஒண்ணுமில்ல, தாயும் மகளும் பேசிக்கிடுதாக" என்றாள்.

கடைசியில் சந்தனக்கனிக்கு மூச்சு வாங்கியது. கையைக் கட்டிலின் ஓரத்தில், தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்து இரண்டு முறை தட்டினாள். வேணி நின்று யோசித்தாள். அவள் முகத்தில் ஓசூர் வந்துபோனதை நான் பார்த்தேன். ஷிப்டு, லீவு, அந்தப் பையன், எல்லாம். பிறகு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்க" என்றாள் அம்மாவிடம்.